நானே போட்டேன், சார்

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகராட்சி அலுவலகம் இது. அதன் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் நாலு பேரில் நான் ஒருத்தி. குப்பை வண்டி எந்தக் கிழமை வரும், வீட்டு வரியை எப்படிக் கட்டுவது, முதியோருக்கான பஸ் பாஸை எங்கே கேட்பது என்பதையெல்லாம் கண் தெரியாதவர்களும் கை நடுங்குகிறவர்களும் அடுத்தவர் துணையில்லாமல் தாங்களே செய்துகொள்ளும்படி எங்கள் தளம் இருக்கிறதென்று, வெளியிலிருந்து சோதிக்க வந்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குத்தான் கேக்.

மேலாளர் மார்ட்டின் எனக்குத் தனியாக நன்றி சொன்னார். நான் பழக்கதோஷத்தில் ‘மென்ஷன் நாட்’ என்றேன். செங்கல்பட்டில் யார் தேங்க்ஸ் சொன்னாலும் அப்படித்தான் சொல்வோம். அதுதான் மரியாதையான இங்கிலீஷ் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே அதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். வந்து ஆறு வருஷமாகியும் அந்த இரண்டு வார்த்தை நாக்கை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஊருக்குப் போன் போட்டேன். கேக் விஷயத்தை அண்ணனிடம் சொல்லலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் அவன் தன் சேதியைச் சொல்லிவிட்டான். அதற்கப்புறம் கேக்காவது ஒன்றாவது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கூட்டங்களில் உட்கார்ந்து யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமலே தலையாட்டிக்கொண்டிருந்தேன். யாரிடமாவது கொட்டினால்தான் தேவலை போலிருக்கிறது. இங்குள்ளவர்களிடம் சொன்னால் தலையை ஒரு பக்கம் சாய்த்து ‘ஓ, பாவம்’ என்பார்கள். அந்தப் ‘பாவம்’ எனக்கு ஆகாது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

2

அண்ணன் பெயர் தேவராஜ். என்னைவிட ஆறு வயது மூத்தவன். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டையைத் தாண்டிப் போனால் எங்கள் காலனி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள். பக்கத்தில் அணுமின் நிலையத்து டவுன்ஷிப் வந்த பிறகு அப்பாவுக்கு அங்கே தோட்ட வேலை கிடைத்தது. அம்மா குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். மூன்று வயதில் அம்மை போட்டு அண்ணனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. சிஸ்டர்கள் நடத்திய விடுதிப் பள்ளியில் படித்து, மெட்ராஸில் காலேஜ் முடித்து, பி.எட். வாங்கிக்கொண்டு வந்தான். எங்கள் காலனியில் அவன்தான் முதல் பட்டதாரி. வாத்தியார் வேலைக்குப் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. தொண்ணூறுகளில் மாமல்லபுரத்தில் எஸ்.டி.டி. பூத் நடத்தினான். அக்கம்பக்கமெல்லாம் சிற்பப் பட்டறை. உளிச் சத்தத்தில் போன் பேசுகிறவர்கள் கத்தித்தான் பேச வேண்டும். வெள்ளைக்காரர்கள் வந்து நாட்டின் பெயரைச் சொன்னால் போதும், அதற்குரிய நம்பரை மனப்பாடமாக அழுத்திவிட்டு ரிசீவரை நீட்டுவான். அவர்களோடு பேசிப் பேசியே இங்கிலீஷில் தேறினான். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம், பஸ்ஸிலிருந்து இறங்கி பூத் என்று கைத்தடியைத் தட்டாமலே நடந்துவிடுவான். புதிதாக வருகிறவர்கள் பேசிப் பணம் கொடுத்துவிட்டுப் போகும்வரை அவனுக்குக் கண் தெரியாது என்று கண்டுபிடிக்க மாட்டார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதில்தான் அவனைக் கர்வப்பட விட்டார்கள்.

அப்புறம் ஆளுக்கொரு செல்போன் வந்தது. பூத்தில் ஈ ஓட்டினான், கடைசியில் மூடினான். ஞாயிற்றுக்கிழமைப் போனில் எப்போதும் ஒரே பேச்சுதான். “வாத்தியார் வேல வரும் பாப்பா. வயசு தான் ஓடிகினே கீது.”

3

நான் இணையதள வேலைக்கு வந்தது செங்கல்பட்டில். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை. அதுதான் கம்பெனி. இரண்டாயிரத்துக்குப் பிறகு அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றுக்கும் திடீரென்று வெப்சைட் வேண்டியிருந்தது. எதற்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, மேலிடத்து உத்தரவு. தளத்தில் போட வேண்டிய விஷயங்களைத் தட்டச்சு செய்து சீல் வைத்து ஆள் மூலம் கொடுத்து அனுப்புவார்கள். அதோடு ஒரு பட்டியலும் வரும். முத்திரை சுழல வேண்டும். அறிவிப்பு இடமிருந்து வலமாக ஓட வேண்டும். புகைப்படம் பெரிதாக இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்துதான் பெரிய தலைவலி. அன்றைக்கு ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். திரையில் பார்த்தால் அழகான தமிழ். உள்ளே கணினிக்குத் தெரிந்ததெல்லாம் இங்கிலீஷ் எழுத்துகளும் கமாவும் டாலர் குறியும்தான். அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டியிருந்தோம், அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

கேட்கிறவர்களுக்குத் தெரியும். அண்ணன் அந்தச் சமயம் மெட்ராஸில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தான். திரையில் இருப்பதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளை அங்கே பழகினான். அதன் குரல் வெள்ளைக்காரக் குரல். அதற்குத் ‘தொரை’ என்று பெயர் வைத்துவிட்டான். தங்கச்சி செய்த வெப்சைட் ஆயிற்றே என்று ஆசையாகத் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான்.

“இங்கிலீசு பக்கம் போனா தொரை சொம்மா மணி மணியாப் பேசறாரு. தமிழ்ப் பக்கம் வந்தா ஜொரம் வந்தவன் ஒளர்ற மாதிரி ஒளர்றாரு. ஒண்ணியும் புரில. இன்னா செஞ்சி வெச்சிகீற நீ?”

முதலாளியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், என்னையே அழைத்துக்கொண்டு அதிகாரியிடம் போனார். அந்த அதிகாரியும் நல்ல மனிதர்தான். காபி வரவழைத்துக் கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“நல்ல விஷயம் சொல்றம்மா,” என்றார். “ஆனா கண்ணு தெரியாதவங்க தனியாவா வருவாங்க? கூட ஒருத்தர் இருப்பாங்கல்ல, அவங்க படிச்சுச் சொல்லிடுவாங்க.”

“கூட யாரும் இல்லன்னா, சார்?”

“அதெப்படிம்மா இல்லாம இருப்பாங்க?” என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

படியிறங்கும்போது முதலாளி கேட்டார், “இதுக்குத் தனியா ஆள் போட்டு, நாள் செலவழிச்சு, ரேட்ட ஏத்திச் சொன்னா டெண்டர் நமக்கு நிக்குமா எமிலி?” நிற்காதுதான். குறைந்த விலை சொல்கிறவனுக்குத்தானே வேலை. அடுத்த மாதம் சில கணினிகளில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறதென்று புகார் வந்தது. அறிவிப்புகளை அப்படியே படமாக மாற்றிப் போட்டுவிடுங்கள் என்றார்கள். படமாக்கிவிட்டால் தொரை உளறக்கூட மாட்டார், வாயை மூடிக்கொண்டுவிடுவார். அந்த வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அதற்கு அடுத்த வருஷம் என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்தது, கிளம்பி வந்துவிட்டோம்.

4

இங்கே எல்லாம் பிரமாதம் என்று நினைக்காதீர்கள். வரி கட்டும் பக்கத்தை வெளியே ஒரு கம்பெனியிடம் வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். அதில் கண் தெரியாதவர்களுக்குப் ‘பணம் கட்டு’ என்ற பொத்தான் இருப்பதே தெரியாது. சரி செய்யுங்கள் என்று கேட்டால் அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்பார்கள். மார்ட்டினிடம் சொன்னால் ‘இரண்டாம் கட்டத்தில்’ என்பார். இரண்டாம் கட்டம் என்பது கடல் தாண்டிய ஊர் மாதிரி, பெயர் கேட்டிருப்போம், போனவர் யாருமில்லை. எட்டு மாதம் மல்லுக்கட்டினேன். கடைசியில் கண் தெரியாத ஒரு கிழவி, பெயர் மிஸஸ் ஹார்ட்லி, காட்டமாக ஒரு புகார் எழுதினாள். இங்கே சட்டம் இருக்கிறது, கேஸ் போட்டால் அபராதம் கட்டி மாளாது. ஒரே வாரத்தில் பொத்தான் பேசத் தொடங்கிவிட்டது.

அந்தக் கதையை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகள் நான்சிக்கு எட்டு வயது. இங்கே வளர்கிற பிள்ளை. வீட்டில் தமிழில்தான் கேட்பேன், இங்கிலீஷில்தான் பதில் வரும். மாமா போனில் “இன்னா பாப்பா, நாஸ்தா துண்ணியா?” என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள், நான் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றிச் சொன்னால்தான் அவளுக்குப் புரியும். ஒரு நாள் அவனிடம் பேசிவிட்டு நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததைப் பார்த்து என்ன என்று கேட்டாள். மாமாவால் ஒரு வெப்சைட்டைப் பயன்படுத்த முடியவில்லை என்றேன்.

“அவர் ஏன் மிஸஸ் ஹார்ட்லி மாதிரி ஒரு புகார் எழுதக் கூடாது?” என்றாள்.

எழுதலாம். யாருக்கு என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அதை எந்த மொழியில் விளக்குவது என்பதும் தெரியவில்லை.

5

அவள் கேட்ட அந்த வெப்சைட் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷக் கடைசியில் அண்ணன் குரலில் துள்ளலோடு போன் வந்தது. பார்வையற்ற பட்டதாரிகளுக்கென்றே சிறப்பு ஆசிரியர் நியமனம் அறிவித்திருக்கிறார்கள். இவனுக்கு வயது வரம்பு இந்த முறை வரைக்கும்தான். அடுத்த முறை வந்தால் தாண்டிவிடும். இதில் கிடைத்தால் வாத்தியார், இல்லையென்றால் ஆயுசுக்கும் இல்லை. விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான்.

முந்தைய லீவில் நான் போனபோது என் பழைய லேப்டாப்பைக் கொடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஒரு தொரையையும் ஏற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன். பழகிவிட்டான். மெயில் அனுப்புவான், பேப்பர் படிப்பான்.

“நான் இங்கேருந்தே போட்டுடறேன் ண்ணா,” என்றேன்.

“வாணாம். பசங்களுக்குப் பாடம் எடுக்கப் போறவன், ஒரு அப்ளிகேஷன் போடத் தெரிலன்னா எப்டி? நானே போட்டுக்கறேன். எங்கனா மாட்னா கூப்டறேன்.”

கடைசிப் பக்கத்தில் மாட்டினான். பெயர், படிப்பு, சான்றிதழ் எல்லாம் நிரப்பி, புகைப்படமும் ஏற்றிவிட்டான். அனுப்புவதற்கு முன் ஒரு சின்னப் படம். நெளிந்து வளைந்த எழுத்துகள் ஆறு. அனுப்புவது இயந்திரம் அல்ல, மனிதர்தான் என்று நிரூபிக்க அந்த எழுத்துகளைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். வேறு வழி கிடையாது. படிக்கச் சொன்னால் தொரை ‘படம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்.

“கண்ணு தெரியாதவங்களுக்குத்தான் வேல. இத்தப் பாத்து அடிச்சாதான் மனுசனாம்,” என்றான். சிரித்தான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. அதைச் செய்தவளைத் திட்டவும் மனம் வரவில்லை. எங்கோ மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறையில் என்னை மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். கள்ள விண்ணப்பம் வரக் கூடாது, படம் போடு என்றிருப்பார்கள். கூட ஒருத்தர் இருப்பார் என்றும் சொல்லியிருப்பார்கள்.

சனிக்கிழமை. எனக்குக் காலை, அங்கே சாயங்காலம். அதே பக்கத்தை நான் இங்கே திறந்து, எழுத்துகளைப் பார்த்துச் சொல்லிவிடலாமென்று நினைத்தேன். அது நடக்காது, ஒவ்வொரு திரைக்கும் வேறு வேறு படம் வரும். என் திரையில் இருப்பது எனக்கு மட்டும். அவன் படம் அவன் வீட்டில்தான் இருக்கிறது, அதைப் பிடித்து மெயிலில் அனுப்பினால் எனக்கு வந்து சேர்வதற்குள் படம் மாறிவிடும். அப்பா போன பிறகு அந்த வீட்டில் கண் இருப்பது அம்மாவுக்கு மட்டும். அம்மாவுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

“அம்மாவக் கூப்புடு,” என்றேன்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“மொதல்ல இன்னா கீது மா?”

“நாக்காலி.”

“முதுகு எந்தப் பக்கம்? சோத்துக்கை பக்கமா, பீச்சாங்கை பக்கமா?”

“பீச்சாங்கை.”

“ண்ணா, சின்ன ஹெச். அடி. அப்பால?”

“சிலுவ. ஆனா மேல தலையக் காணோம்.”

“பெரிய டி. அடுத்தது?”

“வயித்துப் புள்ளக்காரி ஒர்த்தி, கால முன்னால நீட்டிகினு நிக்கிறா.”

“எத்தினி வயிறு மா? ஒண்ணா, ரெண்டா?”

“எந்தப் பொம்பளைக்குடி ரெண்டு வயிறு கீது?” என்று அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

அப்படியானால் பி இல்லை, ஆர். அடுத்தது பாம்பு. அதன் தலை வளைந்திருக்கிறதா, வெட்டிவிட்ட மாதிரி நேராக இருக்கிறதா என்று நான் கேட்டு, எஸ்ஸா ஐந்தா என்று முடிவு செய்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பக்கம் காலாவதி ஆகிவிட்டதென்று தொரை அறிவித்தார். நிரப்பியது அத்தனையும் போயிற்று. அண்ணன் பெயரிலிருந்து திரும்பத் தட்டச்சு செய்தான். மறுபடி புதுப் படம். கவட்டை, வளையல், மாட்டுக் கொம்பு. மறுபடி தப்பு. மறுபடி பெயரிலிருந்து.

அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரத் தொடங்கியது. வெளிச்சம் பட்டால் அவருக்கு ஆகாது. “கொஞ்ச நேரம் கண்ண மூடிக்க மா,” என்றேன். “நீ வேற, இந்த வாட்டி எல்லாம் நேரா நிக்கிதுங்க, சீக்கிரம் கேளு,” என்றார். அந்த வாட்டி ஆறு எழுத்தும் சரியாக விழுந்தன.

முடிந்தது என்று நினைத்தால் இன்னொரு கேள்வி. ‘விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தவர்: நானே / உதவியாளர்.’ தொரையை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். “இதுக்கு இன்னா போடறது?” என்று நான்தான் யோசித்தேன். அவனுக்கு யோசனையே இல்லை. “அம்மா படத்தச் சொன்னாங்க, நீ பேர் சொன்ன. எழுதுனது நானுதான பாப்பா?” என்றான். ‘நானே’ என்பதை அழுத்தி அனுப்பிவிட்டான்.

அம்மா உட்கார்ந்த இடத்திலேயே ஜெபம் பண்ணினார். இங்கே நான் சமையலறையில் நின்றுகொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

6

கோடையில் சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். அம்மாவும் அவனும் விடியற்காலை பஸ்ஸில் போனார்கள். அங்கே நடந்ததை அவனும் அம்மாவும் மாற்றி மாற்றிச் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் அந்த ஒரு வரியில் நின்றார்.

“நானேன்னு போட்டிருக்கே. அப்ளிகேஷனை யாரு போட்டது?”

“நானே போட்டேன், சார்.”

“நீங்களேன்னா?”

“கம்ப்யூட்டர்ல, நானே டைப் அடிச்சி அனுப்புனேன் சார்.” இதை அண்ணன் சிரித்தபடி சொன்னதாக அம்மா சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பூத்தில் ரிசீவரை நீட்டும்போது வரும் சிரிப்பு.

“கண்ணு தெரியாம எப்படிங்க போடுவீங்க?”

அண்ணன் விளக்கினான். பேசும் மென்பொருளைப் பற்றிச் சொன்னான். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்து, தொரையைப் பேசவிட்டு, அந்த அதிகாரியின் பெயரைக் கேட்டுத் தட்டச்சு செய்தே காட்டினான். அக்கம்பக்க மேசைக்காரர்கள் எழுந்து வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். எல்லாம் ஆன பிறகு அதிகாரி சொன்னார்:

“திறமைதான், இல்லேங்கல. ஆனா போலி சர்டிஃபிகேட் நிறைய வருது. அந்தப் படத்து எழுத்த யாரு பாத்து அடிச்சதுன்னு நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன பதில் சொல்றது? மெடிக்கல் போர்டுல போய்ப் புதுசா ஒரு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்துடுங்க, நான் போட்டுடறேன்.”

அம்மா முன்னால் வந்து, “சாமி, நான்தான் பாத்துச் சொன்னேன். எழுத்துலாம் எனக்குத் தெரியாது, நாக்காலி, பாம்புன்னு சொன்னேன்,” என்றிருக்கிறார். அதிகாரி அம்மாவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். நம்பவில்லை. போனில் என் காதாலேயே கேட்டிராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அதே நாள் அண்ணனோடு விடுதியில் படித்த மைக்கேலும் வந்திருந்தான். மதுராந்தகத்துக்காரன். அவன் விண்ணப்பத்தை பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்துப் போட்டிருந்தான். ‘உதவியாளர்’ என்று இருந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

மெடிக்கல் போர்டு தினமும் உட்காராது. முதல் வாரம் கண் டாக்டர் லீவு. அடுத்த வாரம் போனான். கூப்பிட்டதும் எழுந்து, டாக்டர் குரல் வந்த திசையைப் பார்த்து நேராக நடந்து போய், நாற்காலியின் முதுகைத் தொட்டு, வணக்கம் சொல்லி உட்கார்ந்திருக்கிறான். டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். பேப்பரில் அலுவலகத்துக்காரர்கள் எழுதி அனுப்பியிருந்த சந்தேகத்தையும் படித்தார். எதற்கும் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று எழுதிவிட்டார். மெட்ராஸில் அதற்கு ஒரு தேதி, அந்தத் தேதிக்கு மிஷின் ரிப்பேர். இப்படியே அலைந்துகொண்டிருந்தான். அதற்குள் தேர்வானவர்கள் பட்டியல் வந்துவிட்டது. மைக்கேல் பெயர் இருந்தது. அண்ணன் பெயர் இல்லை.

“அவனுக்குக் கெடச்சதுல எனக்கு சந்தோசந்தான் பாப்பா,” என்றான். “ரெண்டு பொண்ணு கீது அவனுக்கு.” வயது வரம்பைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் விடவில்லை அவர்கள். சந்தேகம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் பழைய சான்றிதழுக்கு மதிப்பில்லையாம். பஸ் பாஸைப் புதுப்பிக்கவில்லை. மாதாமாதம் வந்துகொண்டிருந்த உதவித்தொகையும் நின்றுவிட்டது. வேலைதான் போயிற்று, இருந்ததும் போனது. நான் இங்கேயிருந்து மெயிலாக அனுப்பித் தள்ளினேன். எதற்கும் பதில் இல்லை. மிஸஸ் ஹார்ட்லிக்காக ஒரே வாரத்தில் ஒரு கம்பெனியைத் தலைகீழாக நிற்க வைத்தவர்களில் நானும் ஒருத்தி. சொந்த அண்ணனுக்காக ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன் என்றேனே, அப்போது சொன்ன சேதி இதுதான்.

“சர்டிஃபிகேட் குடுத்துட்டாங்க பாப்பா. நூறு பர்சன்ட்டுன்னு எழுதி சீல் வெச்சிட்டாங்க. போர்டுக்குப் போன வாரம் போனேன்.”

“மெட்ராஸ் டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சா?”

“அதுலாம் இன்னும் வர்ல. அத்த இந்த வாட்டி அவங்க கேக்கவே இல்ல.”

“அப்புறம் எப்டி ண்ணா?”

கொஞ்சம் தயங்கினான். “போன தபா நேரா நடந்து போயி உக்காந்தேன் பாரு, அதான் பேஜாராப் பூட்ச்சி. இந்தத் தபா அம்மா தோளப் புடிச்சிகினு போனேன். உள்ள நுழஞ்சதும் மேசைல மோதுனேன். பேனா, பேப்பருலாம் கீழ வியுந்திச்சி. நாக்காலி எங்க எங்கன்னு காத்துல தடவுனேன். டாக்டரு, ‘ஐயோ பாத்து, பாத்து’ன்னு அவரே வந்து கையப் புடிச்சி உக்கார வெச்சாரு. ஒடனே எழுதிட்டாரு.”

“வேணும்னே மோதுனியா?” என்றேன்.

“மேசை எங்க கீதுன்னு வெளிலயே அம்மாகிட்ட கேட்டு வெச்சிகினேன்,” என்றான். “இல்லாகாட்டி மோதாம சுத்திகினு போயிருப்பேன். பழக்கம்.”

“அடி பட்டுதா?”

“முட்டில லேசா.” அப்புறம், “அடுத்து எதுனா அப்ளிகேஷன் வந்தா பஜார்லயே குடுத்துடறேன் பாப்பா. நீ சனிக்கெழம அதுக்கோசரம் போன் பண்ண வாணாம்,” என்றான்.

அந்தப் பக்கம் அம்மா போனை வாங்கினார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் குரலில் தெம்பு இருந்தது.

“நீ பாத்துருக்கணும் எமிலி,” என்றார் அம்மா. “நானே அசந்துட்டேன். நெஜமாவே கண்ணு தெரியாதவன் மாதிரியே பண்ணான்.”